மலைக்குள் ஒரு சாந்து

“மலைபோல் நம்பியிருந்தேன்” என்று ஒருமுறையேனும் சொல்லாதவர் நம்மில் உண்டா? ஆடாமல் அசையாமல் நிற்பதற்கு மலையை விட்டால் நமக்கு வேறு உவமை இல்லை. புவியியல் மாணவனாகிய எனக்கு மட்டும், ஆல்ப்ஸ் மலையைப் பற்றிப் படித்த பிறகு, அந்த உவமையைச் சொல்ல நா சற்றே தயங்குகிறது.

2003-ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவை வெயில் வாட்டி எடுத்தது. அந்த ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மாட்டர்ஹார்ன் சிகரத்தில், மலையேறுவோர் வழக்கமாகச் செல்லும் முகட்டில் பாறை பெயர்ந்து விழுந்தது. மேலே இருந்தவர்களை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியதாயிற்று. பாறை பெயர்ந்த இடத்தில் என்ன தெரிந்தது தெரியுமா? பனிக்கட்டி!

விரிசல் இல்லாத பாறையே கிடையாது என்பார் என் தந்தை. கல்குவாரியில் உழைப்பவர். ஆல்ப்ஸின் உச்சிகளில் அந்த விரிசல்களுக்குள் நீர் புகுந்து உறைந்து, சாந்துபோல் பாறைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் 0 டிகிரியைத் தாண்டாதிருக்கும் நிலத்தை நிலைத்த உறைநிலம் என்பர். அதிலுள்ள பனி உருகி ஓடினால்தான் ஆபத்து என்பதில்லை. குளிர் குறைந்து 0 டிகிரியை நெருங்கினாலே அதன் பிடி தளர்ந்துவிடும். இதைச் சொன்னபோது, “அப்போ அங்கே வெடியே வைக்க வேண்டாமே!” என்றார் அப்பா. சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

பாறைப் பனியாறு என்று ஒன்றும் உண்டு. பார்த்தால் வெறும் கற்குவியல். உள்ளே பனியும் கல்லும் கலந்து, ஆண்டுக்கு ஒரு சாணோ சில முழமோ கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். மேலே கிடக்கும் கற்கள் போர்வைபோல் வெயிலைத் தடுப்பதால், சாதாரணப் பனியாறுபோல் இது விரைவில் கரைவதில்லை. ஆனால் ஆல்ப்ஸில் முர்தேல் என்னும் பாறைப் பனியாற்றில் 1987-இல் 58 மீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டு வெப்பமானியை இறக்கினார்கள். நடுவே சில ஆண்டுகள் தணிந்தாலும், மொத்தத்தில் வெப்பம் ஏறியே வந்திருக்கிறது. சூடேறிய பனி இளகும். இளகியது விரைந்து நகரும். ஆல்ப்ஸின் பாறைப் பனியாறுகள் பலவும் இன்று முன்னைவிட வேகமாகவே நகர்கின்றன.

இத்தகைய மலைகளின் அடிவாரத்தில் ஊர்கள் இருக்கின்றன. 2025 மே மாதம் பிளாட்டன் என்ற சுவிஸ் சிற்றூருக்கு மேலே பாறைகள் சரிந்து, கீழிருந்த பனியாற்றின்மேல் குவிந்தன. பாரம் தாங்காமல் 28-ஆம் தேதி பனியாறே இடிந்து இறங்கி, ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டது. உறைநிலத்தின் இளக்கம் இதற்கு எந்த அளவு காரணம் என்பதில் அறிஞர்கள் நிதானமாகவே பேசுகிறார்கள். மலையைக் கண்காணித்து வந்தவர்கள் ஒன்பது நாள் முன்னரே எச்சரித்ததால், சுமார் 300 பேர் ஆடுமாடுகளுடன் வெளியேறியிருந்தார்கள். அப்படியும் ஒருவர் மாண்டார். மற்றவர்கள் உயிரோடிருக்கிறார்கள், திரும்பிப் போகப் பலருக்கு அங்கே வீடுகள்தாம் இல்லை.