கத்திரி வெயிலில் பழனி

மே 10, 2024, வெள்ளி

தாராபுரம் தாண்டியதுமே அத்தை ஜன்னலோரம் மாறிக்கொண்டார். மலை கண்ணில் பட்டதும் முதல் கும்பிடு அவருடையதாக இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் யாராவது பழனிக்குப் போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். இந்த வெயிலுக்கென்றே அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் காலையிலும் மாலையிலும் மலையைச் சுற்றி வருவார்கள். மலை மூலிகைகளின் காற்று பட்டால் நோய் அண்டாது என்று நம்பிக்கை.

வெயில் தாழ்ந்தபின் கிரிவீதியில் இறங்கினோம். பெண்கள் தலையில் கடம்பம்பூ. அத்தை எனக்கும் ஒன்று வாங்கிச் செருகிவிட்டார். வண்டிகளுக்குத் தடை வந்துவிட்டதால் நடுத்தெருவில் நடக்கலாம்; தரை மட்டும் இன்னும் சுட்டது. மூலிகை வாசம் என் மூக்குக்கு எட்டவில்லை. கற்பூரமும் வறுகடலையும்தான்.

மே 11, சனி

1966-இல் வந்த விஞ்ச் இருக்கிறது, 2004-இல் வந்த ரோப்கார் இருக்கிறது. அத்தைக்கு இரண்டும் வேண்டாம். 693 படிக்கு அவர் முழங்கால் ஒத்துழைக்காது. யானைப்பாதையில் ஏறினோம். சரிவு மெதுவானது, பேசிக்கொண்டே போகலாம்.

பேச்சு சண்டையில் முடிந்தது. காலை விளா பூஜையில் ஆண்டிக்கோலத்தைப் பார்க்க எனக்கு ஆசை. கோவணமும் தண்டமுமாக நிற்பதுதானே இந்தச் சாமியின் சொந்த உருவம்? பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்து நின்ற பிள்ளை. போகர் நவபாஷாணத்தில் செய்தது என்பார்கள். அவர் சமாதியும் மேலேயே இருக்கிறது. அத்தை சாயரட்சைக்குக் குறைந்து இறங்கி வரவில்லை. அப்போதுதான் ராஜ அலங்காரம்.

“ஆண்டியப் பாத்தா ஆண்டியாயிருவோம்னு சொல்லுவாங்க கண்ணு.”

“அவர் எப்பவும் ஆண்டிதானே அத்தை?”

“அதுக்குத்தான் சொல்றேன். கோவணத்தோட நிக்கறவருகிட்டப் போயி வீடு குடு, நெலம் குடுன்னா அவரு எங்க போவாரு?”

பதில் தோன்றவில்லை. சாயங்காலம் கிரீடமும் பட்டுமாக ராஜாவைப் பார்த்தோம். அத்தையின் உதடுகள் வெகுநேரம் அசைந்தன. பேரன் வேலை, மகள் வீட்டுக் கடன், கிணற்றில் தண்ணீர். பட்டியல் எனக்கு மனப்பாடம். வரிசையில் எங்களுக்கு முன்னால் மலையாளம் பேசும் பெரிய குடும்பம். மேற்கு பார்த்த சன்னதி, தங்கள் நாட்டைத்தான் பார்க்கிறார் என்று அவர்களுக்கு உரிமை அதிகம்.

மே 12, ஞாயிறு

விடியுமுன் அத்தையே எழுப்பினார். “உனக்காகத்தான் வர்றேன்” என்று இரண்டு தடவை சொன்னார்.

விளா பூஜை. நகையில்லை, பட்டில்லை. அபிஷேகத்தில் தேய்ந்த சின்ன மேனி. நேற்றைய ராஜா எவ்வளவு சிறுவன் என்பது இப்போதுதான் தெரிகிறது. பின்னாலிருந்து தள்ளினார்கள், நகர்ந்தோம். இரவு சாமிக்குச் சாத்திய ராக்கால சந்தனம் கொஞ்சம் கிடைத்தது. அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

இறங்கும்போது கேட்டேன், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று.

“ஒண்ணும் கேக்கலை. கேட்டா சங்கடப்படுவாரு, பாவம்.”

அடிவாரத்தில் ஆறு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கினார். மலைவாழைப்பழ வாசம் பையை மீறி வருகிறது. ஒன்று பஸ்ஸிலேயே திறந்தாகிவிட்டது.