முன் ஆசனம்

ஹல்துமுல்லையில் பருந்தின் முதுகைப் பார்க்கலாம். ஊர் மலைச்சரிவில் இருப்பதால் அவை நமக்குக் கீழே, பள்ளத்தாக்கில் வட்டமிடும். விமானத்தை மட்டும் எங்கள் பிள்ளைகள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அதனால் கல்விச் சுற்றுலாவில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையோடு இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

பிள்ளைகள் ஹெலிகொப்டரைச் சூழ்ந்துகொள்ள, நான் டைகர் மோத் விமானத்தின் முன்னால் நின்றுவிட்டேன். இரட்டை அடுக்குச் சிறகு, மரச்சட்டத்தின் மேல் போர்த்திய துணி. 1931இல் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த பயிற்சி விமானம் இது. 130 குதிரை வலு. பிரேக் கிடையாது. இயந்திரத்தைக் கிளப்ப ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுழற்றிவிட வேண்டும். 8,000க்கும் அதிகமாகச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பறந்தவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு இதுதான் அரிவரி வகுப்பு.

"சேர், படிச்சிக் குடுக்கிறவர் எங்க இருப்பார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

முன் ஆசனத்தில் ஆசிரியர், பின் ஆசனத்தில் மாணவன். இருவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுத் தடி. காற்றின் இரைச்சலில் பேச ஒரு குழாய். இதற்கு முந்திய மோத் விமானத்தில் முன் ஆசனம் மேற்சிறகின் அடியில் அகப்பட்டிருந்தது. ஆபத்து வந்தால் பரசூட்டோடு வெளியேறுவது கஷ்டம். ஆகவே மேற்சிறகை முன்னால் தள்ளினார்கள். அதனால் கெட்ட சமநிலையைச் சரிசெய்யச் சிறகுகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். ஆசிரியர் இறங்க வழி செய்யப்போய்த்தான் இதற்கு இந்த உருவமே வந்தது.

ஆபத்தில்லாத நாளிலும் அவர் இறங்கவேண்டிய ஒரு தருணம் உண்டு. மாணவன் தேறிவிட்டான் என்று கண்டதும் ஆசிரியர் தரையில் இறங்கி, வெறும் ஆசனத்தின் வார்கள் தடியில் சிக்காதபடி கட்டிவிட்டு, "போய் வா" என்பார். அன்று முன் ஆசனம் காலி.

1935 நவம்பரில் இதே இரத்மலானையில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவரும் ஓர் ஆசிரியர்தான்: சென்னை பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியர் டின்டல் பிஸ்கோ.

நான் இறங்காத ஒரு நாள் நினைவுக்கு வந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் சிறந்த பெறுபேறு எடுத்த ஒரு மாணவி. எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. வெளியூருக்கு அனுப்பலாமா என்று அவளுடைய வாப்பா என்னிடம் வந்தார். "தூரம், பொம்புளப் புள்ள. இங்கயே கலைப்பிரிவு படிக்கட்டும், நான் பார்த்துக்கொள்றேன்" என்றேன். அக்கறை என்றுதான் அன்று நம்பினேன். அவர் என் சொல்லைத் தட்டவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கற்றுக்கொடுத்த பணிவு அது. விமானம் சரியாகத்தான் இருந்தது, ஆசிரியர் இறங்கவில்லை.

விசிறி பற்றிக் கேட்க யாருமில்லாமல் அந்தப் பழைய விமானம் நின்றது. ஆசிரியர் கலாசாலையில் வகுப்பறைக்குள் நுழையும் முறையை இரண்டு வருடம் படித்தோம். வெளியேறும் முறை பாடத்திட்டத்தில் இல்லை.

சுற்றுலா முடிந்த மாதம், தோட்டத்திலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகள் உயர்தரத்தில் கணிதம் படிக்க ஆசைப்படுகிறாளாம். "சேர், அனுப்பலாங்களா?"

பண்டாரவளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டேன். பிறகு, விடுகைப் பத்திரம் எழுத உட்கார்ந்தேன்.