மறுப்பின் அளவு

ஆங்கில நாளிதழின் டெஸ்க்கில் தலைப்பு எழுதுகிறவர்களுக்குக் குட்டிச் சொற்கள் மீது தீராத ஆசை. பத்தியின் அகலம் அப்படி. ஸ்னப், ஸ்பர்ன், டிஃபை, ஃப்ளவுட் எல்லாம் எங்கள் செல்லப்பிள்ளைகள். ஓர் அமைச்சர் விழா அழைப்பை நாசூக்காக மறுத்திருப்பார். அதற்குரிய ‘டிக்ளைன்’ ஆங்கிலத்தில் ஏழெழுத்து, ‘ஸ்னப்’ நாலெழுத்து. மூன்றெழுத்து மிச்சம் பிடிக்கப் போய், அழைத்தவரை அவமதித்தவராக அவரை ஆக்கிவிடுவோம்.

அதனால் வினையைத் தொடுமுன் எதை மறுத்தார், எப்படி மறுத்தார் என்று பார்ப்பேன். ஃப்ளவுட் செய்ய ஒரு விதி வேண்டும்: ஹெல்மெட் சட்டம், வேக வரம்பு. டிஃபை என்றால் ஆளையோ ஆணையையோ முகத்துக்கு நேரே நின்று மீற வேண்டும். ஆளில்லாத சாலையில் சிக்னலைத் தாண்டி நழுவுகிறவர் யாரையும் டிஃபை செய்யவில்லை. ஸ்பர்ன் செய்வதில் இளக்காரம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அது காலால் உதைப்பதையும் குறித்தது. இக்னோர் செய்ய, விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கைக்கு வராதவர் அதை இக்னோர் செய்தார் என்று எழுதுவது அநியாயம்.

நீதிமன்றச் செய்தியில் இன்னும் எச்சரிக்கை தேவை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், ஆணை 7 விதி 11இன்படி வழக்குரையை ‘ரிஜெக்ட்’ செய்வது வேறு. வழக்கை விசாரித்து ‘டிஸ்மிஸ்’ செய்வது வேறு. முன்னதில், காலக்கெடு கடக்காதிருந்தால் அதே காரணத்துக்குப் புதிதாக வழக்குரை தாக்கல் செய்யலாம். சொல்லை மாற்றிப்போட்டால், தோற்காதவரை நாமே தோற்கடித்துவிடுவோம்.

இந்த வினைகளை அளந்து பயன்படுத்தியவர் என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் காந்தி. பீகாரின் சம்பாரண் மாவட்டத்தை விட்டு வெளியேறச் சொன்ன ஆணைக்குப் பணியாததற்காக, 1917 ஏப்ரல் 18 அன்று மோதிஹாரி நீதிமன்றத்தில் நின்றார். வாக்குமூலத்தில் ஆணையை ‘டிஸ்ரிகார்ட்’ செய்ததாகச் சொன்னார். அதிகாரத்தின் மீது மரியாதை இல்லாமல் அல்ல, மனச்சாட்சிக்குக் கீழ்ப்படிந்தே அப்படிச் செய்ததாகவும் அதே மூச்சில் சேர்த்தார். அங்கே ‘டிஃபை’ வந்திருந்தால், மரியாதை பற்றிய பேச்சு எடுபட்டிருக்காது. செய்ததை மறைக்கவும் இல்லை, செய்யாத சவாலை விடவும் இல்லை.

தலைப்பு பத்தியில் அடங்காவிட்டால் பெயரைச் சுருக்குவேன், ஊரை நீக்குவேன், முழுத் தலைப்பையும் புதிதாக எழுதுவேன். வினையில் மட்டும் கைவைப்பதில்லை. ஒருவர் மறுத்த அளவைக் கூட்டவோ குறைக்கவோ டெஸ்க்குக்கு உரிமை இல்லை.