ஏதென்ஸ் நகரின் குயவர் பேட்டை

ஏதென்ஸ் மாநகருக்குச் செல்வோர் அக்ரோபொலிஸ் குன்றின்மேல் ஏறி, பார்த்தெனோன் கோவிலின் பளிங்குத் தூண்களைக் கண்டு வியந்து திரும்புவதே வழக்கம். அக்குன்றுக்கு வடமேற்கே, எர்மூ வீதியின் ஓரத்தில், பள்ளத்தில் கிடக்கும் கெராமெய்க்கோஸ் என்னும் பகுதியை நாடுவோர் சிலரே. பண்டைய குயவர்களின் பேட்டை அது. மட்பாண்டக் கலைக்கு மேலைநாட்டார் வழங்கும் 'செராமிக்' என்னும் சொல்லும் இப்பெயரும் ஒரே வேரில் பிறந்தவை.

நான் சென்ற காலை வேளையில் அங்குக் கூட்டமே இல்லை. எரிடனோஸ் என்னும் சிற்றோடை நாணல்களுக்கிடையே ஊர்ந்துகொண்டிருந்தது. கல்லறைத் தூண்களின் நிழலில் ஆமைகள் மேய்ந்தன. நகர மதிலை ஒட்டிய இவ்விடம் ஏதெனியரின் இடுகாடாகவும் விளங்கியது. 1913 முதல் ஜெர்மானியத் தொல்லியல் கழகத்தார் இங்கே அகழாய்வு நடத்தி வருகின்றனர். அவர்கள் கண்டெடுத்த கலங்கள் அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அக்கலங்களை உற்று நோக்குவோர் உள்ளத்தில் ஒரு வினா எழாமல் இராது. கலத்தின் உடல் செம்மை. அதன்மேல் கண்ணாடிபோல் பளபளக்கும் கருமை. 2,500 ஆண்டுகள் மண்ணுள் கிடந்தும் மங்காத இக்கருமை எத்தகைய சாயம்? அக்குயவர் எவரும் தம் முறையை எழுதிவைத்த நூல் நமக்குக் கிட்டவில்லை. கொரிந்து நகரருகே கிடைத்த சுடுமண் பலகைகளில் சூளையும் அதனருகே உழைக்கும் தொழிலாளியும் தீட்டப்பட்டுள்ளனர். கருமையின் இரகசியத்தை அவை சொல்லவில்லை.

1942-ஆம் ஆண்டில் தெயோடோர் ஷூமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் விடை கூறினார். அது தனிச் சாயமே அன்று, களிமண்தான்! இரும்புச் சத்துள்ள களிமண்ணை நீரில் கரைத்து, பருமணல் அடியில் படிந்தபின், மேலே நிற்கும் மிக நுண்ணிய வண்டலை இறுத்தெடுத்து, அதனாலேயே கலத்தின்மேல் தீட்டினர்.

எஞ்சியதை நெருப்புச் செய்தது. முதலில் காற்று தாராளமாகப் புக, சுமார் 800 டிகிரி வரை சூளையை எரித்தனர். கலம் முழுவதும் சிவந்தது. அடுத்து, காற்றுவழியை அடைத்து ஈர விறகை இட்டனர். வெப்பம் 900 டிகிரியை எட்டியது. பிராணவாயு குன்றி, கார்பன் மோனாக்சைடு பெருகவே, சிவந்த இரும்பு ஆக்சைடு கறுத்தது. நுண்ணிய பூச்சோ இளகி இறுகிக் கண்ணாடிப் படலமாயிற்று. மூன்றாவதாக, மீண்டும் காற்றை விட்டனர். நுண்துளைகள் நிறைந்த உடல் பிராணவாயுவை ஏற்று மறுபடியும் சிவந்தது. படலத்தினுள் காற்று புகாமையால் அங்கே கருமை நிலைத்தது.

பூச்சு நன்கு இறுகுமுன் காற்று புகுந்தால் கருமை சிவந்துவிடும். வெப்பமானி இல்லாத அக்காலத்தில், சூளையிலிருந்து இடையிடையே இழுத்தெடுத்த சோதனைத் துண்டுகளைப் பார்த்தே தருணத்தைக் கணித்தனர். அத்தகைய ஓடுகள் ஏதென்ஸ் மண்ணில் கிடைத்துள்ளன. அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் கெட்டி நிறுவன ஆய்வாளரும் பிறரும் வலிய எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்து, சில கலங்கள் ஒருமுறைக்கு மேலும் சுடப்பட்டிருக்கலாம் என்று கூறுகின்றனர். ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை.

உரோமை வத்திக்கான் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு சாடியில், அதைச் செய்தவனும் தீட்டியவனும் தானே என்று எக்ஸேக்கியாஸ் தன் பெயரைப் பொறித்திருக்கிறான். நெயார்க்கோஸ் என்னும் குயவனின் மகன் த்லேசோன், தான் வனைந்த கிண்ணங்களில் தன் பெயரோடு தந்தையின் பெயரையும் எழுதினான். ஏட்டில் ஏறாத அக்கல்வி தந்தை கையிலிருந்து மகன் கைக்குச் சென்றது என்பதற்கு அந்த எழுத்தே சான்று. காலப்போக்கில் கறுப்புக் கலங்களை விரும்புவோர் குறைந்தனர். செந்நிறக் கலங்கள் சந்தையைப் பிடித்தன. கேட்பாரற்ற கலையைக் கற்க மகன் வரவில்லை. ஒரு தலைமுறை கற்பிக்காமல் விட்டதை மீட்க உலகிற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் தேவைப்பட்டன.