நலம் பெற மனமுண்டோ?

யெருசலேமில் ஆட்டு வாயிலருகே, ஐந்து மண்டபங்களையுடைய குளக்கரையில் 38 ஆண்டுகள் பிணியுற்றிருந்த ஒருவனைப்பற்றி அருளப்பர் தம் நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் எழுதியுள்ளார். நலம்பெற விருப்பமுண்டோ என ஆண்டவர் அவனைக் கேட்கிறார். நோயாளியிடம் கேட்கத்தக்க வினாவோ இது! அவனோ உண்டென்று கூறினானில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லையென்று முறையிட்டான்.

நம்மில் பலரும் அவ்வாறே. மனச்சமாதானம் வேண்டி நவநாள் செபிக்கிறோம். பாகப்பிரிவினையில் பேச்சற்றுப்போன தமையனாரின் வாசலை மிதிக்க மட்டும் உடன்படோம். குற்றம் அவருடையதே எனச் சொல்லிச் சொல்லி ஆறுதலடைகிறோம். பல்லாண்டு பழகிய அவ்வாறுதலை இழக்க மனம் வருவதில்லை.

ஆண்டவர் அவனைக் குளத்தில் இறக்கவில்லை. எழுந்து, தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு நடக்கப் பணித்தார். அன்று ஓய்வுநாள். படுக்கையைச் சுமந்தது முறையன்றென யூதர் அவனைக் கண்டித்தனர். நலம்பெற்ற அன்றே அவனுக்கு வழக்கு வந்து சேர்ந்தது.