குன்ஜும் கணவாயில் காற்றுக் கணக்கு

காஸா போகும் பஸ்ஸின் கூரையில் என் சைக்கிளை ஏற்றிக் கட்டியபோது, கீழே நின்ற நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் உறுத்தியது. அவருடைய மலைச் சைக்கிள் பதினைந்து வருடப் பழசு. அதன் முன் ஃபோர்க்கில் இருப்பது சாதாரண இரும்புச் சுருள். என்னுடையதில் இருப்பது புத்தம் புதிய காற்று ஃபோர்க். மூன்று மாதச் சேமிப்பு அதில் போயிருந்தது. அவர் பாத்தலை நோக்கி மிதித்துக்கொண்டு கிளம்பினார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு மணாலி வழியாகப் போகிறவர்கள், 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயைத் தாண்டி இறங்கினால், கிராம்ஃபூ என்ற இடத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பெயரைக் கேட்டால் மளிகைக் கடை ஞாபகம் வரும். அடுத்து வரும் இடம் சத்ரு. தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரே எச்சரிக்கை. கிராம்ஃபூவிலிருந்து பாத்தல் வரை சுமார் 50 கிலோமீட்டருக்கு சந்திரா நதி கூடவே வருகிறது. நாங்கள் போனபோது பாதையின் பெரும்பகுதி நதி எப்போதோ விட்டுப்போன உருண்டைக் கற்கள்தான். பூசணிக்காய் அளவில் சில, தேங்காய் அளவில் பல. நடுவே பனி உருகி வரும் ஓடைகள் குறுக்கே பாய்கின்றன. காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏறிய பிறகு முழங்காலைத் தொடும். அதனால் எல்லோரும் விடியற்காலையிலேயே கிளம்புகிறார்கள். எதிர்க்கரையில் பாரா ஷிக்ரி பனியாறு இறங்கி வருகிறது. ஷிக்ரி என்றால் இந்தப் பக்கத்து மொழியில் பனியாறு. அதை நின்று பார்க்க வேண்டும். நான் பார்த்ததெல்லாம் முன் சக்கரத்துக்கு அடுத்த கல்லைத்தான்.

சத்ரு வந்து சேர்வதற்குள் இரண்டு கைகளிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயின. பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் நதி இருக்கும் பாதையில் இது விளையாட்டில்லை. புதிய ஃபோர்க் ஒவ்வொரு கல்லையும் தோள்வரை கொண்டுவந்து சேர்த்தது. நண்பரின் பழைய சுருளோ முனகிக்கொண்டே வேலை செய்தது.

காரணம் எனக்கே தெரியும் என்று நினைத்தேன்: காற்று அதிகம். தில்லியில் மாட்டிக்கொடுத்த கடைக்காரர் 120 பி.எஸ்.ஐ. அடித்து அனுப்பியிருந்தார். “குறைவாக அடித்தால் லீக் ஆகிறது என்று திரும்பி வருவீர்கள்” என்பது அவருடைய நியாயம். ஃபோர்க்குக்கான பம்ப்பையும் வாங்கிக்கொள்ளும்படி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சத்ரு தாபாவில் தேநீர் ஆறுவதற்குள், சாவியின் நுனியால் வால்வை அழுத்தினேன். கொஞ்சம் என்று நினைத்து அழுத்தியது, ‘உஸ்’ என்று மொத்தமாகப் போனது. ஃபோர்க் உட்கார்ந்தது. இழுத்தால் எழவில்லை. டயருக்கு அடிக்கும் பம்ப்பை மாட்டி அடித்தோம். ஃபோர்க்கின் காற்றறை மிகச் சிறியது. பம்ப்பை எடுக்கும் நேரத்தில் அடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. பிறகுதான் பஸ்.

பாத்தலில் ஒரு பாலம், சில தாபாக்கள், விடாத காற்று. அங்கே சிம்லாவிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், சைக்கிள் பந்தயங்களில் ஓடுகிறவர், என் ஃபோர்க்கைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். “அங்கிள்ஜி, மேல் அறையைக் காலி செய்துவிட்டீர்கள், கீழ் அறையில் காற்று அப்படியே இருக்கிறது. அது பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.”

விஷயம் இதுதான். காற்று ஃபோர்க்கின் இடது காலுக்குள் பொதுவாக இரண்டு அறைகள். பெரியது ஆளைத் தாங்குகிறது. சிறியது எதிர்த்திசையில் தள்ளுகிறது. சின்னக் கற்களுக்கும் ஃபோர்க் அசைந்துகொடுப்பது இதனால்தான். இரண்டுக்கும் நடுவே காற்று போய்வர ஒரு சிறு வழி உண்டு. ஃபோர்க் ஏறக்குறைய முழுதாக நீண்டிருக்கும் நிலையில்தான் அது திறக்கும். எனவே காற்றைக் குறைப்பதானாலும் கூட்டுவதானாலும், கொஞ்சம் மாற்றி, ஃபோர்க்கை நாலைந்து தடவை மெதுவாக அமுக்கி விட்டு, மறுபடி கொஞ்சம் மாற்ற வேண்டும். அவசரக்காரனுக்கு இது ஒத்துவராது.

அவரிடம் உள்ளங்கை நீளத்தில் ஷாக் பம்ப் இருந்தது. அடிக்க அடிக்க ஃபோர்க் எழுந்து நின்றது. என் எடை 68 கிலோ. அந்த எடைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை ஃபோர்க்கின் பின்பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. அழகுக்கு ஒட்டியது என்று இதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அவர் அட்டவணையைத் தொடக்கமாக மட்டுமே வைத்துக்கொண்டார். தோள்பை, தண்ணீர், ஹெல்மெட் எல்லாவற்றோடும் என்னைப் பெடல்மீது நிற்கச் சொன்னார். ஃபோர்க்கின் காலில் இருந்த ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டார். நான் இறங்கியதும் வளையம் நகர்ந்த தூரத்தை அளந்தார். மொத்தம் 120 மி.மீ. அமுங்கக்கூடிய ஃபோர்க், ஆள் நின்றதுமே அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 24 மி.மீ., இறங்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் பள்ளத்துக்குள்ளும் எட்டிப் பிடிக்கும். எனக்கு அது 75 பி.எஸ்.ஐ.யில் கிடைத்தது. தில்லிக்கடை 120 எங்கே, இது எங்கே!

பம்ப்பைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று சத்தம். நான் பதறினேன். “அது குழாயில் இருந்த காற்று, ஃபோர்க்கில் இருந்தது அல்ல” என்றார். திரும்ப மாட்டினால் முள் ஐந்தாறு குறைத்துக் காட்டும். ஃபோர்க்கின் காற்று குழாயை நிரப்புவதால் வரும் குறைவு அது. பாதி வாடிக்கையாளர்கள் லீக் என்று கடைக்கு ஓடுவது இதனால்தானாம். கடைக்காரரின் நியாயம் இப்போது புரிந்தது.

ஆனால் விரல் மரத்ததற்கு முழுக் காரணம் காற்று அல்ல. ஃபோர்க்கின் வலது காலின் அடியில் ஒரு சிவப்புத் திருகு. ஒரு முனையில் ஆமைப் படம், மறுமுனையில் முயல். அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாக மீண்டு வர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. என்னுடையது ஆமைப் பக்கம் கடைசிவரை முறுக்கியிருந்தது. தனிக் கல் ஒன்று வந்தால் பரவாயில்லை. அடுத்தடுத்துக் கற்கள் வரும்போது, முதல் கல்லுக்கு அமுங்கிய ஃபோர்க் எழுவதற்குள் இரண்டாவது வந்துவிடுகிறது. பத்தாவது கல்லில் அமுங்குவதற்கே இடமில்லை. கிராம்ஃபூ பாதையில் எத்தனை ஆயிரம் பத்தாவது கற்கள்! திருகை நடுப்பக்கம் கொண்டுவந்து, கைப்பிடியை அமுக்கிச் சட்டென்று விட்டுப் பார்த்தோம். சக்கரம் தரையைவிட்டுத் துள்ளாமல், தயங்காமல் எழ வேண்டும். எழுந்தது.

மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. அன்றிரவு தூக்கம் வராமல் பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். தில்லியில் 38 டிகிரி வெயிலில் 80 பி.எஸ்.ஐ. அடித்து மூடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். குன்ஜும் கணவாயின் உயரம் 4,550 மீட்டருக்குச் சற்று மேல். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் தில்லியில் இருப்பதில் அறுபது சதவிகிதத்துக்கும் குறைவு. வெளியே எதிர்த்து நிற்கும் அழுத்தம் குறைந்ததால் உள்ளே இருக்கும் 80, அளவியில் 86 போல நிற்கும். ஆனால் குளிரில் காற்று சுருங்குகிறது. விடியற்காலை 3 டிகிரியில் அதே ஃபோர்க் 75தான் காட்டும். மதியம் 20 டிகிரிக்கு வெயில் ஏறினால் மறுபடி 80. உயரம் கொடுப்பதைக் குளிர் எடுத்துக்கொள்கிறது. சூரியன் திருப்பித் தருகிறது. ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்குள் மாட்டிக்கொண்ட சமவெளிக் காற்றுக்கு மட்டும் போக வழியில்லை. அது கடைசி அங்குலத்தை அமுங்கவிடாது. மெல்லிய சுத்தமான பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ரப்பர் சீலுக்கு அடியில் பதமாக நுழைத்து இளைஞர் அதை வெளியேற்றினார். சில விலையுயர்ந்த ஃபோர்க்குகளில் இதற்கென்றே பொத்தான் வந்துவிட்டது.

மறுநாள் காலை குன்ஜும் ஏறினோம். ஊசிவளைவுகள் முடிந்ததும் கோயிலும் பிரார்த்தனைக் கொடிகளும். வண்டிகள் கோயிலைச் சுற்றிவிட்டுத்தான் போகின்றன, நாங்களும் சுற்றினோம். லோசாருக்கு இறங்கும் பாதையில் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து ஓட்டினேன். மண் நிறம் மாறுவதும், லோசாரின் பட்டாணி வயல் பச்சை தூரத்தில் துண்டாகத் தெரிவதும் கண்ணில் பட்டன. விரல்கள் பத்தும் இருந்தன.

இரண்டு பள்ளங்களில் மட்டும் ஃபோர்க் ‘டக்’ என்று அடியில் இடித்தது. காற்றைக் கூட்டலாம் என்றேன். “கூட்டினால் மறுபடி விரல் போய்விடும்” என்று காஸாவில் இளைஞர் தம் பையிலிருந்து கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்தார். காற்றை முழுதாக, இந்த முறை முறைப்படி, இறக்கி, மேல்மூடியைத் திறந்து, அதன் அடியில் இதைத் திருகி மூடினார். அறையின் கொள்ளளவு கொஞ்சம் குறைகிறது. தொடக்கத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஃபோர்க் ஆழமாக அமுங்கும்போது மட்டும் காற்று சீக்கிரம் இறுகி இடிக்காமல் தடுக்கிறது. நான் அதுவரை மனதுக்குள் திட்டமிட்டிருந்த ‘அடுத்த கட்டம்’ வேறு: 140 மி.மீ. ஃபோர்க். 20 மி.மீ. உயர்த்தினால் முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்துவிடும். ஏற்றத்தில் முன் சக்கரம் அலையும். தவிர ஸ்டியரிங் குழாயின் பருமன், அச்சின் அகலம் எல்லாம் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சக்கரமும் புதிது. அந்தப் பணத்தில் பாதிக்கு என் ஃபோர்க்கை ஆண்டுக்கணக்கில் சர்வீஸ் செய்யலாம். 50 மணி நேரம் ஓட்டியதும் கீழ்க்கால்களைக் கழற்றி, எண்ணெய் மாற்றி, சீலுக்கு அடியில் இருக்கும் பஞ்சு வளையத்தை நனைக்க வேண்டும். ஸ்பிதித் தூசு முகப்பவுடர் போன்றது. இங்கே 25 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வம்பெல்லாம் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பால் டர்னர் என்ற அமெரிக்கர் 1989இல் கொண்டுவந்த ராக்‌ஷாக்ஸ் ஆர்.எஸ்.-1 ஃபோர்க்கிலேயே சுருளுக்குப் பதில் காற்றுதான். அமுங்கியது இரண்டு அங்குலம் அளவு. 1990இல் கொலராடோவின் துராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்டு ராக்‌ஷாக்ஸோடு இறக்கப் பந்தயத்தை ஜெயித்தார். இன்று ஃபோர்க்குகள் மூன்று மடங்கு அமுங்குகின்றன. ஆனாலும் ஓட்டுகிறவர் பெடல்மீது நின்று வளையத்தை அளந்தாக வேண்டும்.

காஸாவிலிருந்து 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹிக்கிம் தபால் நிலையத்துக்குப் போனோம். எல்லோரையும் போல நண்பர் வீட்டுக்கு ஓர் அட்டை எழுதிப்போட்டார். திரும்பும் இறக்கத்தில் சைக்கிளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் எடை 84 கிலோ. பம்ப் இளைஞரோடு போய்விட்டது. “வேண்டாம் சார், இது என் எடைக்கு வைத்தது” என்றேன். “சுருளுக்கு இந்தக் கவலை இல்லை சார்” என்று சொல்லி முன்னால் போய்விட்டார்.

தில்லி திரும்பியதும் முதலில் வாங்கியது ஷாக் பம்ப். வீட்டு வராந்தாவில் 80க்கு அடித்து, கழற்றும்போது ‘புஸ்’. “இவ்வளவு செலவு செய்து, காற்று போகிறதே?” என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள். அது குழாயில் இருந்த காற்று என்றேன். நம்பவில்லை.