நீலம் பாய்ந்த கியர்

ஷாஃப்டில் கியரை மாட்டும் முறைகளைத் தேர்வில் கேட்டால் கீ, ஸ்ப்லைன், பிரஸ் ஃபிட், ஷ்ரிங்க் ஃபிட் என்று வரிசையாக எழுதி மார்க் வாங்கிவிடுவோம். நானும் வாங்கினவன்தான். போன கோடையில், பயிற்சிக்குப் போன பட்டறையில் என் கையால் கெட்டுப்போன ஒரு கியரின் கதை இது.

கியரின் துளை 50 மில்லிமீட்டர். ஷாஃப்ட் அதைவிட 0.04 மில்லிமீட்டர் பெரிது. "எண்ணெய்ல 160 டிகிரி காய்ச்சி மாட்டு தம்பி" என்று சொல்லிவிட்டு ஃபோர்மேன் டீ குடிக்கப் போனார். எண்ணெய் சூடேற நேரமாயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கப்பா கொல்லர். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும்போது வரட்டி அடுக்கி, பட்டையைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சுவார். மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி மரத்தை நெரித்துப் பிடிக்கும். அதுதானே ஷ்ரிங்க் ஃபிட்! நம்ம வீட்டு வித்தைதானே என்ற மிதப்பில் கேஸ் டார்ச்சை எடுத்துக் காட்டினேன். கியர் மஞ்சளாகி, பழுப்பாகி, மயில் கழுத்து நீலத்துக்கு வந்தது. ஷாஃப்டில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை.

ஃபோர்மேன் வந்தார். ஒன்றும் பேசாமல் அரத்தை எடுத்துப் பல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். ஹார்டன் செய்த பல்லில் அரம் வழுக்க வேண்டும். இதில் கடித்தது. நீலம் என்றால் ஏறக்குறைய 300 டிகிரி. அந்தக் கியரை டெம்பர் செய்திருந்ததோ 180-ல். அதைத் தாண்டினால் கடினம் இறங்கிவிடும். சாதாரண இரும்புப் பட்டைக்கு அந்தக் கவலை இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், 160 டிகிரியிலேயே துளை 0.08 மில்லிமீட்டர் வரை விரிகிறது. வேண்டியது அதில் பாதிதான்!

என்னை அவர் அனுப்பிவிடவில்லை. மறுவாரம் வேறு வேலை தந்தார். ஷாஃப்ட் நுனியில் வரிவரியாக நர்லிங் போட்டு ஹார்டன் செய்து, மெதுவான எஃகுக் கியருக்குள் பிரஸ்ஸில் அழுத்துவது. அந்த வரிகள் துளைக்குள் தாமே பள்ளம் உழுதுகொண்டு உட்காருகின்றன. கீ வேண்டாம், கீவே வெட்டி ஷாஃப்டைப் பலவீனமாக்கவும் வேண்டாம். "சூடே கிடையாது. உனக்கேத்த வேலை" என்றார். "முள்ளைப் பாத்துக்கிட்டே இரு. சீரா ஏறணும். பொசுக்குனு இறங்கினா ஹப் வெடிச்சிருச்சுன்னு அர்த்தம்."

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன்.

"இழைப்புளிக்குத் தோய்ச்சல் வைக்கிறப்போ, மஞ்சள் வந்ததுமே தண்ணியில முக்கிருவேனே. நீ பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். துருத்தி சுற்றியதே நான்தான்.